எத்தனை மணி நேரம் என்று கேட்டால் போதுமா? சமூக ஊடகமும் மாணவ மாணவியரின் மதிப்பெண்ணும்

வெண்பலகை

இந்த இணைய மன்றத்தில் உள்ள அனைவருக்கும் வணக்கம். முதுகலை இறுதியாண்டு மாணவர் ஒருவரின் ஆய்வேட்டுக்கு நான் வழிகாட்டியாக இருக்கிறேன். ‘மாணவ மாணவியரின் கல்வி அடைவில் சமூக ஊடகப் பயன்பாட்டின் தாக்கம்: ஆண், பெண் ஒப்பீடு’ என்பது தலைப்பு. இதே தலைப்பில் சொற்களை மட்டும் இடம் மாற்றி எழுதப்பட்ட ஆய்வேடுகளைப் பலமுறை மதிப்பிட்டிருப்பதால், வினாநிரலைப் பார்த்தவுடனேயே முடிவுரையை என்னால் சொல்லிவிட முடியும். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்று நான்கு கட்டங்கள் இருக்கும். கடந்த பருவத்தில் வாங்கிய மதிப்பெண்ணை மாணவரே நிரப்புவார். ஆண்களின் சராசரியையும் பெண்களின் சராசரியையும் டி-சோதனையில் (இரு சராசரிகளின் வேறுபாடு வெறும் தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) ஒப்பிட்டு, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று ஒரு வரியும், பெற்றோர் கண்காணிக்க வேண்டும் என்று பரிந்துரையில் ஒரு வரியும் வரும்.

இந்த முறை வினாநிரலை முன்னோட்டமாக ஒரு வகுப்பில் கொடுத்தபோது நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது கேள்விக்கு வந்ததும் ஒரு மாணவன் பக்கத்தில் இருந்தவனிடம், “யூடியூபும் சமூக ஊடகத்தில் சேருமா?” என்று மெல்லக் கேட்டான். “சேராது, அது வீடியோ” என்று பதில் வந்தது. அவன் ‘ஒரு மணி நேரத்துக்கும் குறைவு’ என்ற கட்டத்தில் குறியிட்டான். இரண்டு இருக்கைகள் தள்ளி ஒரு மாணவி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், யூடியூப் என்று ஒவ்வொன்றாகக் கூட்டி, வகுப்புக் குழுவில் வரும் செய்திகளைப் படிக்கும் நேரத்தையும் சேர்த்து, ‘நான்கு மணி நேரத்துக்கு மேல்’ என்று குறியிட்டாள். இருவரில் உண்மையில் யார் அதிக நேரம் செலவிட்டவர் என்பது எனக்குத் தெரியாது. வினாநிரலுக்கும் தெரியாது, ஆனால் தெரிந்ததைப் போல அது ஓர் அட்டவணை போட்டுவிடும்.

வினாநிரலை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். இந்தத் தலைப்பில் ஆண், பெண் என்ற ஒப்பீடு பொருளுடையதுதானா, அப்படியானால் எதை அளந்து ஒப்பிட வேண்டும் என்பதில் இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எண்ணும் எழுத்தும்

ஐயா, நீங்கள் கடைசி வரிசையிலிருந்து பார்த்த சிக்கலை ரெய்னோல் ஜுன்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 2013-இல் மென்பொருள் கொண்டு அளந்தார். ஒரு நாளில் ஃபேஸ்புக்கில் எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள் என்று கல்லூரி மாணவர்களைக் கேட்டபோது சராசரியாக 145 நிமிடம் என்றார்கள். அவர்களுடைய கணினியில் நிறுவப்பட்ட மென்பொருள் காட்டியது 26 நிமிடம். கணினியில் மட்டும் அளந்தார், பங்கேற்றவர்களும் குறைவு என்பதையெல்லாம் கழித்துக்கொண்டாலும், மாணவர் தம் வாயால் சொல்லும் மணிக்கணக்கை வைத்து எதையும் கட்ட முடியாது என்பது விளங்கும். ஆண்களும் பெண்களும் ஒரே அளவில் பிழையாகச் சொன்னால் ஒப்பீடாவது தப்பிக்கும். உங்கள் வகுப்பில் ஒருவர் குறைத்தும் மற்றவர் கூட்டியும் சொல்லியிருக்கக்கூடும் என்பதுதான் கவலைக்குரியது.

அடுத்தது, தொடர்பின் அளவு. மார்க்கர், க்னாம்ப்ஸ், ஆப்பெல் ஆகிய மூவரும் 59 மாதிரிகளில் இருந்த ஏறத்தாழ 29,000 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2018-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், சமூக ஊடகப் பயன்பாட்டுக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதை −1 முதல் +1 வரை காட்டும் எண்) −0.07 என்று வந்தது. இந்த எண்ணை வர்க்கப்படுத்தினால் 0.005-க்கும் குறைவு. மதிப்பெண்களில் மாணவருக்கு மாணவர் காணப்படும் வேறுபாட்டில் அரை விழுக்காடு அளவுதான் இதனோடு சேர்ந்து நகர்கிறது என்று பொருள். ஆனால் அதே ஆய்வில், படித்துக்கொண்டே ஊடகத்தையும் பார்ப்பவர்களைத் தனியாகப் பிரித்தால் −0.10 ஆகிறது, பாடம் தொடர்பான பயன்பாட்டை மட்டும் பிரித்தால் +0.08 ஆகிறது. குறி ஒருபுறம் கூட்டல், மறுபுறம் கழித்தல். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுக் கலக்கிவிட்டு வேறுபாடு இல்லை என்று எழுதுவது, வெந்நீரையும் பனிநீரையும் ஒரே குடத்தில் ஊற்றிவிட்டு இரண்டும் வெதுவெதுப்பானவை என்பதைப் போன்றது. படிக்கும் நேரத்தை ஊடகம் தின்றுவிடுகிறது என்ற பரவலான நம்பிக்கைக்கும் அந்தத் தொகுப்பாய்வில் ஆதரவு கிடைக்கவில்லை. ஊடகத்தை மிகுதியாகப் பயன்படுத்துபவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரம் படிப்பதாகத் தெரியவில்லை.

பாலின வேறுபாட்டைப் பற்றி: லியூ, கிர்ஷ்னர், கார்பின்ஸ்கி ஆகியோரின் 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, சமூக ஊடகப் பயன்பாட்டுக்கும் சராசரித் தரப்புள்ளிக்கும் (ஜிபிஏ) உள்ள எதிர்மறை ஒட்டுறவு பெண்களிடம் கூடுதலாக இருக்கிறது என்கிறது. ஆகவே ஒப்பீடு வீண் அல்ல. ஆனால் உங்கள் மாணவர் செய்யவிருக்கும் இரண்டு டி-சோதனைகள் இதற்கு விடை தராது. ஆண்கள் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள், பெண்கள் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. யார் அதிக மதிப்பெண் வாங்குகிறார்கள் என்பது வேறொரு கேள்வி. பயன்பாடு கூடும்போது மதிப்பெண் மாறும் வேகம் இருபாலரிடமும் ஒன்றா என்பது மூன்றாவது கேள்வி. தலைப்பு கேட்பது மூன்றாவதை. அதற்கு இடைவினையை, அதாவது பயன்பாட்டுக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு பாலினத்துக்கு ஏற்ப மாறுகிறதா என்பதைச் சோதிக்க வேண்டும். அதற்கான மாதிரியும் பெரிதாக இருக்க வேண்டும்.

ஒற்றை வரி

இத்தனை எண்கள் எதற்கு? அலைபேசியை வாங்கி உள்ளே வைத்தால் மதிப்பெண் தானாக ஏறும்; ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே மருந்துதான்.

மூன்றாம் மணி

பள்ளி ஆசிரியை என்ற முறையில் நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்திருந்தேன். வாங்கி வைத்துப் பார்த்தவர்களின் கணக்கு அவ்வளவு எளிதாக இல்லை. இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளை எடுத்துக்கொண்டு பெலாண்ட், மர்பி ஆகிய இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியில் அலைபேசியைத் தடைசெய்த பிறகு மதிப்பெண் திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 6 விழுக்காடு அளவுக்கு உயர்ந்தது. படிப்பில் பின்தங்கியிருந்த மாணவர்களிடம் அந்த உயர்வு ஏறத்தாழ இரு மடங்கு. முன்னணியில் இருந்தவர்களிடம் மாற்றமே இல்லை. பின்னர் ஸ்வீடனில் அதே முறையில் பார்த்தபோது எந்த விளைவும் தெரியவில்லை. நார்வேயைப் பற்றி 2024-இல் வெளிவந்த ஆப்ரஹாம்சனின் ஆய்வு இந்த இழைக்கு மிகவும் நெருங்கியது: தடைக்குப் பிறகு வன்சீண்டல் (சக மாணவரைச் சீண்டித் துன்புறுத்துவது) இருபாலரிடமும் குறைந்தது, ஆனால் மதிப்பெண் உயர்ந்தது மாணவியரிடம்தான். அதிலும் வசதி குறைந்த குடும்பத்து மாணவியரிடம் உயர்வு கூடுதலாக இருந்தது.

எனக்கு இது வியப்பாக இல்லை. முந்தைய இரவு ஒரு குழுவில் யாரோ யாரையோ நீக்கியிருப்பார்கள். காலையில் அந்தச் சண்டை முதல் பாடவேளைக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். மாணவி புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பாள், பக்கம் திரும்பாது. அலைபேசி அப்போது பையில்தான் இருக்கும். அந்தக் காலையில் மட்டும் அதை வாங்கி வைத்து என்ன பயன்? ஆண் மாணவர்களிடம் இது அறவே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அவர்களை நான் எழுப்ப வேண்டியிருப்பது பெரும்பாலும் தூக்கத்திலிருந்துதான்.

வயதையும் பார்க்க வேண்டும். 2022-இல் ஆமி ஆர்பென் குழுவினர் பிரித்தானியத் தரவுகளில் கண்டபடி, சமூக ஊடகம் பெண்களைப் பாதிக்கும் வயது 11 முதல் 13, ஆண்களை 14 முதல் 15, பிறகு 19-இல் இருவரையும். அப்படியானால் பள்ளி வயதில் ஒரே வகுப்பில் உள்ள ஆணையும் பெண்ணையும் ஒப்பிடுவதே தவறாகிவிடும் அல்லவா?

எண்ணும் எழுத்தும்

அம்மா, ஒரு திருத்தம். ஆர்பென் குழுவினர் பார்த்தது மதிப்பெண்ணை அல்ல, வாழ்க்கை நிறைவை. அந்த வயதுகளில் ஊடகப் பயன்பாடு கூடியவர்களிடம் ஓராண்டுக்குப் பின் வாழ்க்கை நிறைவு குறைந்திருந்தது என்பதே அவர்கள் சொன்னது. மனநிலை வழியாகப் படிப்பு பாதிக்கப்படலாம் என்பது நியாயமான ஊகம். ஆனால் அந்த ஆய்வை மதிப்பெண்ணுக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

மூன்றாம் மணி

திருத்தத்தை ஏற்கிறேன். வயது வேறுபாட்டை வினாநிரலில் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற அளவில் மட்டும் என் கருத்தை நிறுத்திக்கொள்கிறேன்.

நீலமை

இந்த இழையில் மாணவர்கள் யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வெண்பலகை ஐயா சொன்ன, விரல்விட்டு எண்ணிய மாணவியை எனக்கு நன்றாகத் தெரியும் என்றே தோன்றுகிறது, ஏனென்றால் நானும் அப்படித்தான் எண்ணுவேன்.

சென்ற பருவத் தேர்வுக்கு முந்தைய மாலையை அப்படியே சொல்கிறேன். ஏழு மணிக்குத் தொகையீட்டுக் கணக்குகளை எடுத்தேன். இரண்டாவது கணக்கின் நடுவில் ஒரு செய்தி வந்தது: “நான்காம் அலகின் குறிப்பு இருக்கிறதா?” என் குறிப்பேட்டில் அந்த ஆறு பக்கங்களையும் விளக்குக்கு நேராகப் பிடித்துப் படமெடுத்து அனுப்பினேன். மூன்றாவது பக்கம் தெளிவாக இல்லை என்றார்கள், மீண்டும் எடுத்தேன். அதைக் குழுவில் யாரோ பகிர்ந்ததும், அம்புக்குறி போட்ட வரி எங்கிருந்து வந்தது என்று இன்னொருவர் கேட்டார். எழுதி விளக்கினால் நேரமாகும் என்று குரல்பதிவு அனுப்பினேன். அதைக் கேட்டுவிட்டு இரண்டு பேர் நன்றி சொன்னார்கள். ஒருவர் அடுத்த ஐயத்தைக் கேட்டார். இரண்டாவது கணக்குக்கு நான் திரும்பியபோது எட்டேகால் ஆகியிருந்தது. பாதியில் விட்ட வரியில் எதை எதற்குப் பதிலியாக வைத்திருந்தேன் என்பது மறந்துபோய், முதலிலிருந்து தொடங்கினேன்.

ஏறக்குறைய ஒரு மணி நேரம் போன இதை எந்தக் கட்டத்தில் போடுவது? பாடம் தொடர்பான பயன்பாடு என்றால், ஆம், முழுக்க முழுக்கப் பாடம்தான். ஆனால் பயன்பட்டது என் நண்பர்களுக்கு. கேட்டவர்களில் பெரும்பாலோர் ஆண் மாணவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய திரை நேரத்தில் அது இரண்டு நிமிடம்: கேள்வியை எழுத ஒரு நிமிடம், படத்தைச் சேமிக்க ஒரு நிமிடம். அனுப்பாமல் இருந்திருக்கலாமே என்று சொல்வார்கள். செய்தியைப் பார்த்துவிட்டேன் என்பது அவர்களுக்குத் தெரிகிறது. பார்த்தும் அனுப்பாதவள் என்ற பெயர் ஒரு பருவம் முழுவதும் கூடவே வரும். மாணவன் ஒருவன் பதில் போடாவிட்டால் தூங்கியிருப்பான் என்று விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. வீட்டில் என் அலைபேசியை எடுத்துப் பார்ப்பார்கள், அண்ணனுடையதைப் பார்க்க மாட்டார்கள். யாரிடம் போகும் என்று தெரியாத ஒரு தாளில் நான் உண்மையான நேரத்தை எழுதுவேனா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

அறை எண் பதினேழு

நீலமை எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் தட்டச்சு செய்ய முடியவில்லை. நான் விடுதியில் இருந்த நான்கு ஆண்டுகளும் குறிப்பு கேட்டவன்.

என் பங்குக்கு ஆண்களின் பக்கத்தைச் சொல்கிறேன். எங்கள் தளத்தில் இரவு பத்து மணிக்கு மேல் நடந்தது விளையாட்டு. காதொலிப்பானை மாட்டிக்கொண்டு ஐந்து பேர் ஐந்து அறைகளில் இருந்து டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் பேசிக்கொண்டே விளையாடுவோம். சமூக ஊடகத்தில் எவ்வளவு நேரம் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் அரை மணி நேரம் என்று சொல்லியிருப்பேன், அது பொய்யென்று எனக்குத் தோன்றியிருக்காது. 2023-இல் ப்யூ ஆய்வு மையம் அமெரிக்கப் பதின்ம வயதினரிடம் எடுத்த கணக்கெடுப்பிலும் டிஸ்கார்டு, ட்விட்ச், ரெடிட், யூடியூப் ஆகியவற்றில் ஆண்களும், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட் ஆகியவற்றில் பெண்களும் முந்தியிருந்தார்கள். சமூக ஊடகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவது இரண்டாவது பட்டியல்தான். கேள்வியிலேயே தட்டு ஒரு பக்கம் தாழ்ந்துவிடுகிறது.

விளையாட்டின் விளைவைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு உண்டு. அமெரிக்காவின் பெரியா கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு அறைத்தோழர் யார் என்பது குலுக்கல் போலத் தற்செயலாக அமையும். தோழர் வீடியோ விளையாட்டுக் கருவியோடு வந்திருந்தால் மற்றவரின் படிக்கும் நேரமும் மதிப்பெண்ணும் குறைந்தன என்று ரால்ஃப் ஸ்டைன்பிரிக்னர், டாட் ஸ்டைன்பிரிக்னர் ஆகிய இருவரும் 2008-இல் காட்டினார்கள். தானே தேர்ந்தெடுக்காத ஒன்று வந்து சேர்ந்து நேரத்தைக் குறைத்தது என்பதால் காரணம், விளைவு இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிந்தது.

மீள்வாசிப்பு

காரணம், விளைவு என்று வந்ததால் கேட்கிறேன். நான் முதலாம் ஆண்டில் இரண்டு தாள்களில் தோற்ற பிறகுதான் அலைபேசிக்குள் போனேன். வகுப்பில் எதுவும் புரியவில்லை. புரியாத இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க முடியாது. கை தானாகக் கீழே போகும். எனக்கு ஊடகம் நோய் அல்ல, நோய்க்கு நான் தேடிக்கொண்ட படுக்கை. என்னைப் போன்றவர்களும் ‘அதிகப் பயன்பாடு, குறைந்த மதிப்பெண்’ என்ற கட்டத்தில்தானே விழுவோம்? உங்கள் −0.07-இல் எங்களை எப்படிக் கழிப்பீர்கள்?

எண்ணும் எழுத்தும்

கழிக்க முடியாது. ஒரே நாளில் நிரப்பப்படும் வினாநிரல் எதுவாக இருந்தாலும் இந்த இடத்தில் கைவிரித்துவிடும். காலவரிசை தெரிந்தால் மட்டுமே ஓரளவு பிரிக்கலாம். அப்படி அரிதாக அமைந்த வாய்ப்பு ஒன்று உண்டு: ஃபேஸ்புக் 2004 பிப்ரவரியில் ஹார்வர்டில் தொடங்கி, பிற அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துவிடப்பட்டது. எந்தக் கல்லூரிக்கு எப்போது வந்தது என்பதை வைத்துக்கொண்டு பிராகியேரி, லெவி, மகாரின் ஆகியோர் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், அது நுழைந்த பிறகு மாணவர்களின் மனநலம் மோசமடைந்ததும், மனநலக் குறைவு தங்கள் படிப்பைப் பாதிக்கிறது என்று சொன்னவர்கள் கூடியதும் தெரிந்தது. ஆகவே உங்களுக்கு நேர்ந்த திசையும் உண்மை, எதிர்த்திசையும் உண்மை. ஒரு முதுகலை ஆய்வேட்டில் இரண்டையும் பிரிக்க இயலாவிட்டால், பிரிக்கவில்லை என்று எழுதிவிடுவதே முறை. ‘தாக்கம்’ என்ற சொல்லைத் தலைப்பில் வைக்கவே கூடாது.

ஆண், பெண் மதிப்பெண்ணைப் பற்றியும் ஒரு சொல். டேனியல் வோயர், சூசன் வோயர் இருவரும் 2014-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் 1914 முதல் 2011 வரையிலான தரவுகள் இருக்கின்றன. பள்ளி, கல்லூரி மதிப்பெண்ணில் பெண்கள் அந்தக் காலம் முழுவதும் சற்று முந்தியே இருக்கிறார்கள். மொழிப் பாடங்களில் இடைவெளி அதிகம், கணிதத்தில் குறைவு. ஃபேஸ்புக்கைத் தொடங்கியவரின் பாட்டனார் பள்ளிக்குப் போன காலத்திலேயே இருந்த இடைவெளியை ஊடகத்தின் கணக்கில் எழுத வேண்டாம்.

ஒற்றை வரி

ஒப்புக்கொள்கிறேன், மருந்து ஒன்றல்ல. ஆனாலும் படிக்கும்போது பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதையாவது விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மூன்றாம் மணி

அதை விட்டுக்கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ரோசன் குழுவினர் 2013-இல் 263 மாணவர்களை அவர்கள் படிக்கும் இடத்திலேயே 15 நிமிடம் கூர்ந்து பார்த்தபோது, சராசரியாக ஆறு நிமிடம்கூடத் தொடர்ந்து படிக்காமல் வேறொன்றுக்குத் தாவினார்கள். யாரோ தங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தே தாவினார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு.

வெண்பலகை

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை என் மாணவரையும் பக்கத்தில் உட்கார வைத்து இந்த இழையை முழுவதும் படித்தோம். வினாநிரலின் முதல் பகுதியை எடுத்துவிட்டோம். மணிக்கணக்கைக் கேட்பதற்குப் பதிலாக, ஒப்புதல் தருபவர்களிடம் மட்டும், அலைபேசியே காட்டும் கடந்த வாரத் திரை நேரத்தைச் செயலிவாரியாகப் பார்த்து எழுதச் சொல்லப் போகிறோம். யூடியூபும் டிஸ்கார்டும் விளையாட்டுகளும் பெயர் சொல்லிப் பட்டியலில் இருக்கும். பெயரில்லாத் தாள், மூடிய பெட்டி. மதிப்பெண்ணை மாணவர் நினைவிலிருந்து எழுதாமல் இரண்டு பருவங்களின் பதிவிலிருந்து எடுக்கத் துறையில் அனுமதி கேட்டிருக்கிறேன். தாளில் பெயர் இருக்காது என்பதால், இரண்டையும் இணைக்க ஒரு குறியீட்டு எண் தேவைப்படும். அதை வைத்திருப்பவர் நானாக இருக்கக் கூடாது என்று மாணவர் சொன்னார், சரிதான். மீள்வாசிப்பு கேட்ட கேள்விக்கு இரண்டு பருவங்களின் மதிப்பெண் முழு விடையாகாது, ஆனால் யார் முன்பே சரிந்துகொண்டிருந்தார்கள் என்பதையாவது காட்டும்.

தலைப்பிலிருந்து ‘தாக்கம்’ நீங்கிவிட்டது. ஆண், பெண் என்பது நீங்கவில்லை. ஆனால் யார் அதிகம் பார்க்கிறார்கள் என்பதற்காக அது இனி அங்கே இல்லை. படித்துக்கொண்டிருக்கும்போது யாருக்கு எதற்காக அழைப்பு வருகிறது என்பதற்காக இருக்கிறது. அதை எப்படிக் கேள்வியாக்குவது என்பதில்தான் இருவரும் நின்றுவிட்டோம்.

நீலமை

இப்படிக் கேட்கலாம் ஐயா: “கடந்த தேர்வுக்கு முந்தைய வாரத்தில் உங்கள் குறிப்பேட்டை எத்தனை பேருக்குப் படமெடுத்து அனுப்பினீர்கள்?”

அறை எண் பதினேழு

அதற்கு அடுத்த கேள்வியாக இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: “எத்தனை பேரிடம் கேட்டு வாங்கினீர்கள்?”

வெண்பலகை

இரண்டையும் சேர்த்துவிட்டேன். பன்னிரண்டாம் கேள்வி, பதின்மூன்றாம் கேள்வி.